சார்ஜ் போட வேண்டாத சைக்கிள்

பட்டீஸ்வரனுக்கு எந்த மோட்டாரைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. சூலூரில் ஒரு பம்பு கம்பெனியின் சோதனைப் பிரிவில் அவனுக்கு வேலை. புதுப் பம்பு தலைகீழாகச் சுற்றினால் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றிக் கொடுப்பான். பம்பு ஒழுங்காகச் சுற்ற ஆரம்பித்துவிடும். பல வருஷமாக இதையே செய்து செய்து, உலகத்தில் சரியாக ஓடாத எதற்கும் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டுப் பார்த்தால் போதும் என்ற தத்துவம் அவனுக்குள் ஊறிப்போயிருந்தது. வீட்டு மிக்ஸியிடமும் ஒருமுறை அந்தத் தத்துவத்தைக் காட்டினான். சட்னிக்குப் பதில் புகை வந்தது. அவன் மனைவி துளசிமணி அதை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

அப்பேர்ப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளுக்கு மோட்டார் வைத்து விற்கக் கிளம்பினான். பெட்ரோல் பங்க்குகளெல்லாம் கல்யாண மண்டபங்களாக மாறிவிட்ட காலம் அது. மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமென்றால் விலை ஒரு பக்கம், அதற்குச் சார்ஜ் போட வீட்டுக்கு இவ்வளவுதான் கரண்ட் என்று அளந்து விடுவது இன்னொரு பக்கம். ஊர் ஜனம் பாதி பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்திருந்தது. அதன் பின்சக்கரத்தில் ஒரு சின்ன மோட்டார், கேரியருக்குக் கீழே டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பேட்டரி, இரண்டையும் பேச வைக்க ஒரு பெட்டி. அவ்வளவுதான் வண்டி. முன்பு கார் நின்ற ஷெட்டில், காரை விற்ற துக்கம் தீர்வதற்குள், அவன் ஸ்பேனரோடு உட்கார்ந்துவிட்டான்.

கோளாறு பேட்டரியில்தான் இருந்தது. டிபன் பாக்ஸ் பேட்டரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டுக் கையை விரித்தது. பெரிய பேட்டரி போட்டால் சைக்கிள் விலைக்கு ஸ்கூட்டரே வாங்கிவிடலாம். இந்த விசாரத்தில் அவன் தாடி வளர்த்துக்கொண்டிருந்தபோதுதான் துளசிமணியின் அண்ணன் நாச்சிமுத்து ஒரு பையோடு வந்து சேர்ந்தான். கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், முட்டி ஆபரேஷன் ஆனவர்களை நடக்கப் பழக்கும் பிரிவில் கருவிகளைப் பழுது பார்ப்பவன் அவன். ஆஸ்பத்திரியில் புது மாடல் வந்ததும் கழித்துக் கட்டிய பழைய பெல்ட்டுகளை எடைக்கு எடுத்துப் பையில் கொண்டுவந்திருந்தான்.

"தொடைல கட்டிக்கோணும் மாப்ள. காலு அலுக்குதான்னு இதுக்குத் தெரியும். அலுக்கறப்ப மட்டும் மோட்டார ஓட விடுங்க. மத்த நேரம் காலே மிதிக்கட்டும். உங்க டிபன் பாக்ஸே ஊரச் சுத்தி வந்துரும்."

"கட்டிக்கிட்டா ஒண்ணும் பண்ணாதே?"

"என்ன பண்ணப் போகுது? கொஞ்சம் இதமா இருக்கும். அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' என்பதை நாச்சிமுத்து கொஞ்சம் வேகமாகச் சொன்னான். பட்டீஸ்வரன் அதற்குள் ஒயரைச் சீவ ஆரம்பித்துவிட்டதால் கவனிக்கவில்லை.

முதல் வண்டி தயாரானது. ஸ்டாண்டில் போட்டு, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு பெடலைச் சுற்றிப் பார்த்தால், பின்சக்கரம் காய்ச்சல்காரன் போல வெடவெடவென்று உதறியது. பட்டீஸ்வரன் தாடியைச் சொறியக்கூட இல்லை. பெட்டியைத் திறந்து இரண்டு ஒயரை மாற்றிப் போட்டான். உதறல் நின்றது. சக்கரம் வெண்ணெயாகச் சுற்றியது.

"பாத்தீங்களா மச்சான்? எந்த மோட்டாரா இருந்தாலும் ஒரே வைத்தியம்."

துளசிமணிதான் முதலில் ஓட்டினாள். பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் அவள் செக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர். கம்பெனி வேனில் புளிமூட்டையாகப் போய் வருவதைவிடப் புருஷன் கட்டிய வண்டியில் நடுரோட்டில் நிற்பது மேல் என்று துணிந்துதான் ஏறினாள். சாயங்காலம் திரும்பி வந்தவள் வண்டியை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, இதென்ன வண்டியா, வேறெதாச்சுமா? மேட்டுல ஏறுனதே தெரியல. நடந்து போறவளுக்குக்கூட மூச்சு வாங்கும் அந்த மேட்டுல."

"சார்ஜ் எவ்வளவு மிச்சம்?"

பேட்டரியில் பச்சை விளக்கு எரிந்தது. முழுசு. மறுநாளும் முழுசு. அந்த வாரம் பூராவும் முழுசு. பட்டீஸ்வரன் சார்ஜரைத் தேடி எடுத்துத் துடைத்து, மறுபடியும் உறையில் போட்டு வைத்தான். பிரேக் பிடிக்கும்போது இந்த மோட்டார் தானே ஜெனரேட்டராகி, பேட்டரிக்குக் கரண்ட்டைத் திருப்பி அனுப்பும். அது அவனுக்குத் தெரியும். நம் ரோட்டில் பிரேக் பிடிக்காமல் யார் ஓட்டுகிறார்கள்? அந்தச் சார்ஜே போதுமானதாக இருக்கிறது என்று அவன் கணக்குத் தீர்த்துக்கொண்டான். கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது நிஜமாகிவிட்டது.

சார்ஜ் போட வேண்டாத சைக்கிள் என்றால் சும்மா இருப்பார்களா? கூரியர் கம்பெனி சென்னியப்பன் வந்தான். பூ விற்கிற பாப்பாத்தி வந்தாள். பால் சொசைட்டிக்காரர், டியூஷன் டீச்சர், கோழிக்கடை முதலாளியின் மச்சினன் என்று ஷெட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூட்டம். ஒவ்வொரு வண்டியிலும் பட்டீஸ்வரன் மறக்காமல் அதே இரண்டு ஒயரை மாற்றிப் போட்டான். முதல் வண்டி ராசியான வண்டி. அதில் செய்ததை இதில் விடக்கூடாது. முடித்ததும் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தெருமுனை வரை ஓட்டிப் பார்ப்பான். பறக்கும். சாயங்காலமானால் ஜனங்கள் வண்டியிலிருந்து ஒரு ஒயரை இழுத்து வீட்டு ஃபேனைச் சுற்ற விட்டார்கள். பாப்பாத்தி தெருவில் நாலு பேருக்குப் போன் சார்ஜ் போட்டுக் கொடுத்து நல்ல பெயர் வாங்கினாள்.

துளசிமணி ஆளே மாறிப்போனாள். முன்பெல்லாம் கம்பெனியிலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டு, சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் அவளிடம் டீ கேட்பது தற்கொலைக்குச் சமம். இப்போது வந்ததும் வராததுமாகக் காய் நறுக்கினாள். துணி துவைத்தாள். வருஷக்கணக்காகத் தொடாத பரணைச் சுத்தம் செய்தாள். பாட்டு வேறு பாடினாள். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் பெல்ட்டைக் கழற்றுவதில்லை என்பதைப் பட்டீஸ்வரன் பார்த்தான். கழற்ற மறந்துவிட்டாள் என்று நினைத்தான். சாப்பாடும் அவளுக்கு நன்றாக இறங்கியது. ஏழாவது தோசையை அவள் எட்டாவதுக்கு இடம் வைத்துத்தான் சாப்பிட்டாள். இருந்தும் ரவிக்கைகளை இரண்டு பக்கமும் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. மனைவி சந்தோஷமாக, மெலிவாக, சண்டை போடாமல் இருக்கிறாள். எந்தப் புருஷன் ஏன் என்று கேட்பான்? பட்டீஸ்வரனும் கேட்கவில்லை.

கேட்டது மெஸ்காரர் குழந்தைவேலுதான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அளவில்லாச் சாப்பாடு போடுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷெட்டுக்குள் கரண்டியும் கையுமாகவே நுழைந்தார்.

"ஏனுங்க பட்டீசு, நானு உங்களுக்கு என்னங்க கெடுதல் பண்ணுனேன்?"

"என்னங்ணா ஆச்சு? உக்காருங்க."

"உக்கார வரல. உன்ற வண்டிக்காரனுக நாலு பேரு மத்தியானம் வந்து உக்காந்தா, எனக்கு அடுத்த பந்திக்குச் சோறு இல்ல. அந்தச் சென்னியப்பன் ரசத்துக்கு மட்டும் மூணு தடவ சோறு வாங்கறானப்பா. ரசத்துக்கு! மோருக்கு வர்றதுக்குள்ள அண்டா காலி. சரி, தின்னட்டும். தின்னு ஒடம்பாச்சும் வெக்கோணுமில்ல? குச்சியாட்டம் இருக்கறானுக. எங்கதான் போகுது என்ற சோறெல்லாம்?"

பட்டீஸ்வரன் சிரித்தான். குழந்தைவேலு சிரிக்கவில்லை. போர்டு எழுதப் போவதாகச் சொன்னார்: மோட்டார் வைத்த சைக்கிளில் வருபவர்களுக்கு அளவுச் சாப்பாடு மட்டும்.

அவர் போன பிறகு பட்டீஸ்வரனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சோறு எங்கே போகிறது? துளசிமணியின் எட்டாவது தோசை எங்கே போகிறது? எதிரே புது வண்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் அந்த விளக்கைப் பார்த்தான். அதுவரை பெல்ட் இல்லாமல் எந்த வண்டியையும் அவன் ஓட்டியதே இல்லை. பெல்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது என்பதால் அப்படித் தோன்றியதும் இல்லை. இப்போது பெட்டிக்குள் கையை விட்டு, பெல்ட் இல்லாமலே மோட்டார் ஓடும்படி செய்து, சும்மா ஏறி மிதித்தான்.

இரண்டு மிதிதான். யாரோ கேரியரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தான், ஒருவரும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்று மிதித்தான். தெருமுனை வருவதற்குள் தொடை இரண்டும் தீயாக எரிந்தன. மேய்ச்சலுக்குப் போன மாடு ஒன்று அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒதுங்கி, முந்திக்கொண்டு போனது. அவன் வண்டியை நடுத்தெருவில் நிறுத்தி, ஹேண்டில் மேல் கவிழ்ந்து மூச்சு வாங்கினான்.

பெட்டியைத் திறந்து பார்த்தபோது எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. அவன் மாற்றிப் போட்ட இரண்டு ஒயரில் ஒன்று பிரேக் ஒயர். யாரோ எந்நேரமும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்து மோட்டார் ஜெனரேட்டராகவே ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு நாளும் யாரையும் இழுக்கவில்லை. ஓட்டுகிறவர்தான் அதையும் சேர்த்து இழுத்திருக்கிறார். ஊரில் சுற்றிய ஃபேன், ஏறிய போன் சார்ஜ், அத்தனையும் குழந்தைவேலுவின் சோறு.

நாச்சிமுத்துவைப் போனில் பிடித்து வரச் சொன்னான். வந்ததும் சட்டையைப் பிடிக்காத குறை.

"மச்சான், அந்த பெல்ட்டு என்ன பண்ணும்? ஒழுங்காச் சொல்லுங்க."

நாச்சிமுத்து ஷெட்டுச் சுவரைப் பார்த்தான். "அலுப்புங்கறது என்ன மாப்ள? காலு மூளைக்குப் போடற போன். 'என்னால முடியல, நிறுத்து'ன்னு. இந்த பெல்ட்டு நடுவுல அந்தப் போன எடுத்து, சார் வெளிய போயிருக்காருன்னு சொல்லிரும்."

"அப்பறம் காலு?"

"காலு ரிங் விட்டுக்கிட்டே கெடக்கும்."

"இதத்தான் இதமா இருக்கும்னீங்களா?"

"ஆஸ்பத்திரில கால்மணி நேரம் கட்டுவாங்க மாப்ள. பக்கத்துல நர்ஸ் நிப்பாங்க. மோட்டார் இழுக்கப் போற வண்டிதானே, காலுக்கு என்ன பெரிய வேலைன்னு நெனச்சேன். நீங்க மோட்டாரத் திருப்பி வெச்சு, ஆள இழுக்க உட்டிருப்பீங்கன்னு கனாக் கண்டனா?"

குற்றத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது எப்படி என்று இருவருமே யோசித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் போன் வந்தது. பாப்பாத்தி பூக்கூடையோடு சிக்னலில் மயங்கி விழுந்துவிட்டாள். பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏறுகிறது. அந்த டாக்டர் பரிசோதித்துவிட்டு, இந்த அம்மா எந்த ஊர் ஓட்டப் பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கிறது என்று கேட்டாராம்.

நாச்சிமுத்து எழுந்து நேராக வீட்டுக்குள் போனான். துளசிமணி மாவாட்டிக்கொண்டிருந்தாள். "கையக் குடு அம்முணி" என்று வாங்கி, பையிலிருந்த ஒரு சின்னக் கருவியை விரலில் மாட்டினான். அவள் சிரித்தாள். அவன் சிரிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். வெளியே வந்து பட்டீஸ்வரனிடம் மெதுவாகச் சொன்னான்.

"நின்ன எடத்துல மாவாட்டறா. இருதயம் மலை ஏறுற மாதிரி துடிக்குது. இப்படியே உட்டா ஒரு நாளைக்கு நின்னுரும் மாப்ள. முன்னால சொல்லிட்டு நிக்காது. சொல்றதுக்குத்தான் நாம வழி வெக்கலியே."

பட்டீஸ்வரன் துளசிமணி இல்லாத வீட்டை ஒரு கணம் நினைத்துப் பார்த்தான். ஒரு கணத்துக்கு மேல் முடியவில்லை. அவளை அவனுக்கு அவ்வளவு பிடிக்கும் என்பது அவனுக்கே செய்தியாக இருந்தது. உள்ளே போய், அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னான். மிக்ஸியில் ஆரம்பித்துப் பிரேக் ஒயரில் முடித்தான்.

அவள் கிரைண்டரை நிறுத்தவில்லை. மாவைத் தள்ளிக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"வண்டி பின்னால இழுக்கறது. ரெண்டாவது வாரமே தெரியும். ஒரு நாளு ரோட்டுல பெல்ட்டு அவுந்துருச்சு. மோட்டார் நிக்கறதுக்குள்ள ரெண்டு மிதி மிதிச்சேன் பாருங்க, கல்லக் கட்டி இழுக்கற மாதிரி இருந்துச்சு. நம்மாளு மறுபடியும் ஒயர மாத்திட்டாருன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சும் ஓட்டுனயா? ஏன் என்கிட்டச் சொல்லல?"

"சொன்னா வண்டியச் சரி பண்ணுவீங்க. பெல்ட்டையும் புடுங்கிப்பீங்க."

"உசுரு போயிரும்ங்கறான் உங்கண்ணன்!"

அவள் இப்போது கிரைண்டரை நிறுத்தினாள். கையைக் கழுவாமல் அப்படியே அவனைப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆனதுல இருந்து நான் அலுத்துத்தான் வர்றேன். சாயங்காலம் வந்து அந்தச் செவுத்தப் பாத்து உக்காந்திருப்பேனே, என்னன்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீங்களா? இப்ப அலுப்பே இல்லீன்னதும் வந்து முன்னால உக்காந்து அழுவறீங்க. இந்த பெல்ட்டக் கட்டுனப்பறந்தான் இந்த வீடு இத்தன கனமுன்னு எனக்கே தெரிஞ்சுது. வண்டிய என்ன வேணா பண்ணிக்கோங்க. இதக் கேக்காதீங்க."

பம்பு கம்பெனியில் பட்டீஸ்வரனுக்கு இதற்குப் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

அன்று சாயங்காலமே அவன் ஸ்பேனரையும் ஸ்குரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் புறப்பட்டான். செய்த தப்பை வாசலில் நின்று சொல்லி, ஒயரைச் சரியாகப் போட்டு, பெல்ட் இல்லாமலே மோட்டார் ஓடும்படி வைத்துவிட்டு, பெல்ட்டை வாங்கிக்கொண்டு வருவது. இதுதான் திட்டம். வசைக்குத் தயாராகத்தான் போனான். வசை கிடைத்தது, ஆனால் அவன் எதிர்பார்த்த காரணத்துக்கு இல்லை.

"சார்ஜ் போட வேண்டாத வண்டிய, சார்ஜ் போடற வண்டியா மாத்தறதுக்கு வீடு தேடி வந்திருக்கியா?" என்றான் சென்னியப்பன். "நல்லா இருக்குதப்பா உன்ற சர்வீஸு!"

"கரண்ட்டு உன்ற கால்ல இருந்து வருதுங்க சென்னியப்பா."

"என்ற காலு, என்ற கரண்ட்டு. உனக்கென்ன?"

சிக்னலில் பாப்பாத்தி விழுந்ததைச் சொன்னதும் கொஞ்சம் இறங்கி வந்தான். பெல்ட் இல்லாமல் மோட்டாரை ஓட விட்டு ஒரு மிதி மிதித்துப் பார்க்கச் சொன்னதும் முழுசாக இறங்கி வந்தான். ஒயர் மாறியது. பெல்ட்டை அவனாகவே விட்டெறிந்தான். பால் சொசைட்டிக்காரரும், கோழிக்கடை மச்சினனும் அப்படித்தான். சார்ஜ் போட வேண்டாத வண்டி போகிறதே என்றுதான் அவர்களுக்கு வருத்தம். பெல்ட்டைக் கொடுப்பதில் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்தால் அதை அவிழ்த்து ஹேண்டிலில்தான் மாட்டி வைத்திருந்தார்கள்.

பாப்பாத்தி கட்டிலில் சாய்ந்தபடியே பூ கட்டிக்கொண்டிருந்தாள். கையில் குளுக்கோஸ் ஏற்றிய பிளாஸ்திரி. பட்டீஸ்வரன் அவள் காலில் விழாத குறையாகப் பேசி முடித்தான்.

"வண்டியச் சரி பண்ணிக் குடுங்க தம்பி. வேண்டாம்னா எடுத்துட்டே போங்க" என்றாள் அவள். "பெல்ட்டு இருக்கட்டும்."

"அக்கா, அந்தப் பெல்ட்டாலதான் நீங்க..."

"நான் வண்டிலயா பூ கட்டறேன்? வண்டிலயா தண்ணி சொமக்கறேன், மாமியாள எடுத்துக் குளிக்க வெக்கறேன்? அதுக்கெல்லாம் நீங்க ஒரு மோட்டாரும் வெச்சுக் குடுக்கலியே. அதுக்கு இது இருக்கட்டும்."

டியூஷன் டீச்சரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார். பெல்ட்டைப் பற்றிக் கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டார். தறி ஓட்டுகிற ஒரு பெண், அது தொலைந்துவிட்டது என்று அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள். சேலைக்கு மேலேயே பெல்ட்டின் மேடு தெரிந்தது. இன்னொரு வீட்டில், பெல்ட் எங்கே என்று கேட்டபோது உள்ளேயிருந்து மருமகள் மாமியாரிடமும், மாமியார் மருமகளிடமும் கைகாட்டினார்கள். முறை வைத்துக் கட்டிக்கொள்கிறார்கள் என்பது அவனுக்குப் புரிந்தது.

தெருவெல்லாம் சுற்றித் திரும்பியபோது பையில் ஆண்களின் பெல்ட்டுகள் மட்டும்தான் இருந்தன. இத்தனை நாளாகத் தான் மோட்டார் வைத்த சைக்கிள் விற்றதாக அவன் நினைத்திருந்தான். வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு அந்த மோட்டார் ஒரு பொருட்டே இல்லை. நாச்சிமுத்துவிடம் சொன்னபோது, வீட்டுக்கு வீடு போய்ச் சோதித்துப் பார்த்து, கட்டிக்கொள்ளும் நேரத்தையாவது குறைக்கச் சொல்கிறேன் என்று கிளம்பினான். எத்தனை பேர் கதவைத் திறப்பார்கள் என்பது இருவருக்குமே தெரியாது. அந்த பெல்ட்டுகள் இன்னும் ஊரில்தான் இருக்கின்றன.

வீட்டுக்கு வந்தான். துளசிமணி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு பக்கம் குக்கர், ஒரு பக்கம் தாளிப்பு, தோளில் மடிக்காத துணி. அவன் பையை வைத்த சத்தம் கேட்டதும் அவள் கை தன்னால் தொடைப் பக்கம் போனது, மேலே சேலையை இழுத்து விட்டுக்கொண்டது. அவன் பிடுங்க வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டாள். அதைப் பார்த்ததும் பட்டீஸ்வரன் பையைக் காலால் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டான். தன் மனைவி தன்னிடமிருந்து ஒளித்து வைக்கும் ஒரே சொத்து அதுதான்.

"பெல்ட்டக் கேக்க வரல" என்றான். "வேலையக் குடு."

"எந்த வேலைய?"

"அது தெரியலியே. நீயே சொல்லு. எங்கிருந்து ஆரம்பிக்கோணும்?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். வாயில் சாராய வாடை அடிக்கிறதா என்று பார்ப்பவள் போலக் கிட்டே வந்து முகர்ந்தும் பார்த்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள்.

"இன்னிக்கு ஒரு நாளைக்கா?"

"தெரியல துளசி. நாளைக்கும் கேப்பேன். நாளான்னிக்கு மறந்துட்டன்னா திட்டு. நீ செத்துப் போயிருவியோன்னு பயமா இருக்குது. வேற ஒண்ணும் எனக்குச் சொல்லத் தெரியல."

துளசிமணி தோளிலிருந்த துணிகளை எடுத்து அவன் தோளில் போட்டாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, குனிந்து, பெல்ட்டை அவிழ்த்து அரிசி டப்பா மேல் வைத்தாள். அவனிடம் கொடுக்கவில்லை. கைக்கு எட்டுகிற இடத்தில்தான் வைத்தாள்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. அவள் கரண்டியை எடுத்தாள். எடுத்த கரண்டி பாதியில் நின்றது. முழங்கால் மடங்கி, சுவரோடு சரிந்து, தரையில் உட்கார்ந்தாள். பட்டீஸ்வரன் பதறி ஓடிவந்து பிடித்துக்கொண்டான். நாடியைப் பார்த்தான், மூச்சைப் பார்த்தான். அவள் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். மாசக்கணக்காக ரிங் விட்டுக்கொண்டிருந்த அத்தனை போனும் ஒரே நேரத்தில் கிடைத்துவிட்டது போலிருந்தது அவள் முகம்.

"அலுப்பா இருக்குதுங்க" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் இப்படி ஒரு வார்த்தையை அவனிடம் சொன்னதே இல்லை. அல்லது சொல்லியிருப்பாள், அவன் வெளியே போயிருப்பான். பட்டீஸ்வரனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"உக்காந்துக்க கண்ணு. நல்லா உக்காந்துக்க. நான் இருக்கறேன்."

"நான் உக்காந்துதான் இருக்கேன்" என்றாள் துளசிமணி, கண்ணை மூடிக்கொண்டு. "நீங்க எந்திரிங்க. தாளிப்புக் கருகுது."